‘வருகிறேன்’ என்று சொல்லாமல் விடைபெறுவது

கேள்வி (சுருக்கப்பட்டது):

எனக்கு 32 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற கைபேசி விளையாட்டில் ஏழு ஆண்டுகளாக ஒரே கிளானில், அதாவது ஒரே அணியில், இருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகளாக கோ-லீடர் (துணைத் தலைவர்). உறுப்பினர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மலேசியாவின் கிள்ளான், தோஹா என்று பல ஊர்க்காரர்கள். யாரையும் நேரில் பார்த்ததில்லை. வாரில், அதாவது வேறொரு கிளானுடன் நடக்கும் போரில், யார் தன் அட்டாக்கைப் போடவில்லை என்று ஷீட்டில் குறிப்பது, புதியவர்களைச் சேர்ப்பது, வாட்ஸ்அப் குழுவை நடத்துவது எல்லாம் என் பொறுப்பு. லீடர் கத்தாரில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். டியூட்டி முடிந்து இரவு ஒன்பது மணிக்கு அவர் வார் தேடினால் இங்கே மணி பதினொன்றரை. அது முடிவதும் ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து அதே நள்ளிரவை ஒட்டித்தான்.

எனக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது. போன மாதம் ஓர் இரவு, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒரு கையால் கடைசி அட்டாக்கைப் போட்டேன். ஒரு ஸ்டார்தான் வந்தது, தோற்றோம். குழுவில் வந்த பேச்சையெல்லாம் படித்து முடித்த பிறகுதான், குழந்தை எப்போதோ தூங்கிவிட்டதைக் கவனித்தேன். அன்றே விலக முடிவு செய்தேன். ஆனால் முடியவில்லை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது அப்பா மருத்துவமனையில் இருந்தபோது இவர்கள்தான் 18,500 ரூபாய் திரட்டி அனுப்பினார்கள். விலகினால் செய்ந்நன்றி கொன்றவன் ஆகிவிடுவேனோ என்று மனது அடித்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லீக் போனஸ் பதக்கம் யாருக்கு என்ற சண்டையில் நள்ளிரவில் வெளியேறி, மூன்றாம் நாள் திரும்பி வந்தவன் நான். அதனால் இப்போது சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். விலகுகிறவர்களை லீடர் ‘துரோகி’ என்று எழுதுவார். என்னையே நம்பிக்கொண்டு ப்ளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். ‘வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்’ என்று சொல்லிவிடலாமா? அல்லது என் விளையாட்டுக் கணக்கின் ஐடியை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடலாமா? நான் எழுதிவைத்திருக்கும் செய்தியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் வந்த விடைபெறும் செய்தியையும் இரண்டு முறை படித்தேன். கடிதம் தெளிவாக இருக்கிறது. செய்தி அப்படி இல்லை. அலைபேசித் திரையை நான்கு முறை தள்ளிப் படிக்கவேண்டிய அந்தச் செய்தியில் ‘மன்னிச்சிடுங்க’ என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. அலுவலக வேலை, குழந்தை, கண் எரிச்சல், பழைய போன் என்று நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கடைசி வரியில், ‘கொஞ்ச நாள்ல வந்துடுவேன், என் இடத்த யாருக்கும் குடுத்துடாதீங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். விலகுவதாகத் தொடங்கிய செய்தி, விடுப்பு விண்ணப்பமாக முடிகிறது. உங்கள் தவிப்பின் முடிச்சு அந்தக் கடைசி வரியில் இருப்பதாக நினைக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் வழக்கத்தில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லி விடைபெறுவதில்லை. தெருமுனைக் கடைக்குப் போகிறவர்கூட ‘போய்ட்டு வரேன்’ என்பார். மறந்துபோய் ஒரு பிள்ளை ‘போறேன்’ என்றால், ‘வரேன்னு சொல்லு’ என்று பாட்டி திருத்துவார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது என்பது துக்க வீட்டுக்கு மட்டும் உரியது. இந்த இரண்டுமே நமக்குள் ஆழமாக ஊறியிருப்பதால், ஒன்றிலிருந்து உண்மையாகவே விலகவேண்டிய நேரம் வரும்போது நம் கையில் இரண்டே வழிகள் இருப்பதுபோலத் தோன்றிவிடுகிறது. ஒன்று, திரும்பி வருவதாகச் சொல்லிவைப்பது. மற்றொன்று, துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோல ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போவது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் நீங்கள் இரண்டாவது வழியில் போனீர்கள். இப்போது எழுதிவைத்திருக்கும் செய்தி முதல் வழியில் போகிறது. முதல் முறை திரும்பி வந்ததும், இந்த முறை அனுப்பவே முடியாமல் வைத்திருப்பதும் உங்கள் மனவலிமைக் குறைவால் நேர்ந்தவை என்று நான் நினைக்கவில்லை. எதிலிருந்து விலகுகிறீர்கள், யாரிடமிருந்து விலகவில்லை என்பதை நீங்கள் இன்னும் உங்களுக்கே பிரித்துச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதைப் பிரித்துப் பாருங்கள். கோ-லீடர் என்ற பொறுப்பிலிருந்தும், வாரத்தில் மூன்று நான்கு இரவுகளைக் கேட்கும் ஒரு வேலையிலிருந்தும் நீங்கள் விலகுகிறீர்கள். அதற்குச் சொல்லவேண்டிய சொல் ‘போகிறேன்’ என்பதுதான். அதில் அமங்கலம் எதுவும் இல்லை. அங்கே உங்களுக்குக் கிடைத்த மனிதர்களில் மூன்று நான்கு பேரை நீங்கள் விட விரும்பவில்லை. அவர்களிடம் ‘வருகிறேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம். இந்த இரண்டு சொற்களும் ஒரே செய்தியில் கலந்துவிடக் கூடாது. குழுவுக்குப் பொதுவாக எழுதுவதில் ‘போகிறேன்’ மட்டும் இருக்கட்டும். ‘வருகிறேன்’ என்பதை உரியவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நேரில் பார்த்திராதவர்களின் பிரிவுக்கு இவ்வளவு வருந்தலாமா என்ற கூச்சம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. வருந்தலாம். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காணாமலே கொண்ட நட்புக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டு வந்த நாம், இந்தக் கூச்சத்தைப் படுவதற்கு நியாயமே இல்லை. 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் பப்ஜி மொபைலை இந்திய அரசு தடைசெய்தபோது, ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்கு அக்டோபர் 30 வரை விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ எட்டு வாரங்கள் அவகாசம். அந்த அவகாசத்தில் கைபேசி எண்களை வாங்கிக்கொண்டு, ‘இத்தனை நாள் சேர்ந்து விளையாடியது நன்றாக இருந்தது’ என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டவர்கள் பிறகு எளிதாக மீண்டதையும், எப்படியும் தடை நீங்கிவிடும் என்று எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டவர்கள் பல மாதங்கள் கழித்தும் ‘அவன் எந்த ஊரென்றுகூடக் கேட்டுவைக்கவில்லை’ என்று என் அறையில் உட்கார்ந்து கண்கலங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எந்த அரசாணையும் நாள் குறிக்கவில்லை. நாளை நீங்களே குறிக்கலாம் என்பது பெரிய வசதி, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி அந்த 18,500 ரூபாய். உங்கள் கடிதத்தில் அதிகம் கனப்பது அதுதான். பதிலிலும் அதற்குத்தான் அதிக இடம் தர விரும்புகிறேன். இரண்டாம் அலையில் ஒரு படுக்கைக்காக மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கு அந்தத் தொகையின் மதிப்பு என்னவென்று தெரியும். முகம் தெரியாத ஒருவருடைய தந்தைக்காக, அவர்களில் பலர் தாங்களே வேலையின்றி இருந்திருக்கக்கூடிய நாளில், ஐநூறும் ஆயிரமுமாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த நன்றியை நீங்கள் மறக்கக் கூடாது, மறக்கவும் மாட்டீர்கள். ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தை அனுப்பியபோது, ‘இதற்குப் பதிலாக நீ எந்நாளும் இரவு பதினொன்றரைக்கு விழித்திருக்க வேண்டும்’ என்று அவர்களில் யாராவது நினைத்திருப்பார்களா? நினைத்திருக்கமாட்டார்கள். உங்கள் மனத்துக்குள் நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. நன்றிக்கடனைத் தீர்க்கும் வழி தெரியாதபோது, நம் கையில் எளிதாக இருப்பதை, அதாவது நம் நேரத்தை, வட்டியாகக் கட்டிக்கொண்டே இருப்போம். வட்டி கட்டுவதால் முதல் குறைவதில்லை. பல ஆண்டுகள் இரவுகளைக் கொடுத்த பிறகும், கடன் அப்படியே இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதே அதற்குச் சான்று.

நன்றி தீரவேண்டுமானால் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். நீங்கள் அப்போது ‘தேங்க்ஸ் ப்ரோஸ்’ என்று எழுதியதோடு சரி என்றும், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது சொல்லுங்கள். குழுவுக்கு எழுதும் செய்தியில் முதல் இடம் அதற்கே கொடுங்கள். அந்த ஆண்டையும், அப்பாவையும், அவர்கள் அனுப்பியதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்பதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. நலமாக இருந்தால், அவர் பேரப்பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் படம் ஒன்றையும் அனுப்புங்கள். பணம் கொடுத்தவர்களுக்கு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் காட்டுவதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. நாளை அவர்களில் ஒருவருக்கு அப்படியொரு இடர் வந்தால், கிளானில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பங்கு போய்ச் சேரவேண்டும். அதற்கு அவர்களுடைய எண் உங்களிடமும் உங்கள் எண் அவர்களிடமும் இருந்தால் போதும்.

அடுத்து, ‘வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்’ என்ற காரணம். தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். உங்கள் மனைவி இதுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். குழந்தை பிறந்து ஐந்து மாதமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணை, அவருக்கே தெரியாமல், முப்பது நாற்பது ஆண்களின் முன்னே கண்டிப்புக்காரியாக நிறுத்துவது நியாயம் அன்று. ‘அண்ணி பர்மிஷன் குடுத்துட்டாங்களா’ என்ற கேலி பல மாதங்களுக்குத் தொடரும். நீங்களும் அதற்குச் சிரித்துவைக்க வேண்டியிருக்கும். இதில் இன்னொரு இடரும் இருக்கிறது. அடுத்தவர் தடுத்ததால் விலகினேன் என்று நாம் வெளியே சொல்வதைச் சில நாளில் நாமே நம்பத் தொடங்கிவிடுவோம். பிறகு கிளானை நினைத்து ஏங்கும் ஒவ்வோர் இரவும், எந்தத் தவறும் செய்யாத அவர்மீது ஒரு சின்ன எரிச்சல் வந்து படியும். இந்த முடிவு உங்களுடையது. தோளில் இருந்த குழந்தை தூங்கியதைக் கவனிக்காமல் போன அந்த இரவில் நீங்கள் எடுத்தது. அப்படியே சொல்லுங்கள். நான்கு காரணம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வழியோடு வருவார்கள்: போன் பழசென்றால் நாங்கள் வாங்கித் தருகிறோம் என்பார்கள், கண் எரிகிறதென்றால் சொட்டுமருந்தின் பெயர் சொல்வார்கள். காரணம் ஒன்றாகவும் உண்மையாகவும் இருந்தால் அதன்மேல் பேரம் பேச யாருக்கும் மனம் வராது.

ஐடியைத் தம்பியிடம் கொடுத்துவிடும் யோசனையும் வேண்டாம். கணக்கை விற்பதும் கொடுப்பதும் பகிர்வதும் அந்த விளையாட்டை நடத்தும் சூப்பர்செல் நிறுவனத்தின் விதிகளுக்கு மாறானவை; கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கே முடக்கப்படலாம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உங்கள் பெயரோடு ஒரு கணக்கு அதே கிளானில் வார் ஆடிக்கொண்டிருந்தால், நீங்கள் விலகவே இல்லை என்றுதான் பொருள். ஒரு வார் தோற்றால் ‘அண்ணே, இதை எப்படி அட்டாக் பண்றது’ என்று அன்றிரவே கேள்வி வரும். கணக்கை உங்கள் மின்னஞ்சலோடு இணைத்த சூப்பர்செல் ஐடியில் வைத்துவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். போனிலிருந்து விளையாட்டை நீக்கினாலும் அதில் நீங்கள் கட்டிய ஊர் அழிந்துபோகாது. கிளானை விடுவதும் விளையாட்டை விடுவதும் வெவ்வேறு முடிவுகள். இப்போது முதலாவதை மட்டும் எடுங்கள். இரண்டாவதைப் பற்றி ஒரு மாதம் கழித்து நினைக்கலாம்.

சிலர், ஒரேயடியாக விலகவேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கலாமே என்று உங்களுக்குச் சொல்லக்கூடும். சாதாரண உறுப்பினருக்கு அது பொருந்தும். வாரில் ஆட விருப்பமா என்று காட்டும் குறியை நீங்கள் ‘இல்லை’ என்று சிவப்பாக்கி வைத்துப் பார்த்ததாகவும், ஆள் குறைகிறதென்று லீடர் அப்படியும் பட்டியலில் சேர்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறி உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்குமே தவிர, லீடரைக் கட்டுப்படுத்தாது. பொறுப்பில் இருப்பவர் பாதி இருந்து பாதி இல்லாமல் போனால், அவருடைய வேலை செய்யப்படாமலும் இருக்கும், வேறொருவரிடமும் போகாது. அது குழுவுக்குச் செய்யும் பெரிய தொல்லை. கூட்டத்தைவிட்டு நல்லபடியாக விலகுவது என்றால், அழகான சொற்களில் ஒரு செய்தி எழுதுவது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில், விலகிய மறுநாள் காலையில் அங்கே எந்த வேலையும் அனாதையாக நிற்காமல் இருப்பதைத்தான் கூட்டம் நினைவில் வைத்துக்கொள்கிறது. செய்தியை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

ஆகவே ஒப்படைப்பில் கவனம் வையுங்கள். மாதத் தொடக்கத்தில் வரும் கிளான் வார் லீக்கில், தொடக்கத்தில் பதிவான பட்டியலுக்கு வெளியே புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. ஏழு வார்கள், ஒவ்வொருவருக்கும் வாருக்கு ஓர் அட்டாக். அந்தப் பட்டியலில் இருந்துகொண்டு நடுவில் வெளியேறுவது, பந்தி நடக்கும்போது பரிமாறுகிறவர் கரண்டியை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். எனவே அடுத்த லீக்கின் ஏழாவது வார் முடிந்து, போனஸ் பதக்கங்களும் கொடுக்கப்பட்ட பின் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பதக்கச் சண்டை நடந்தால் அதில் வாய் திறக்காதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே சண்டையில் போனவர் நீங்கள், மறுபடியும் அதற்காகத்தான் போகிறீர்கள் என்று ஆகிவிடும். வெள்ளி முதல் திங்கள் வரை கிளான் சேர்ந்து ஆடும் ரெய்டு வாரயிறுதியின் நடுவிலும் வேண்டாம். செவ்வாயோ புதனோ நல்லது.

அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், வருகைப் பதிவு ஷீட்டின் உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்; பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் ஒவ்வொரு வாரமும் உங்களைத் தேடுவார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் மட்டுமே அட்மின் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். ஒரே அட்மின் விலகினால், மீதியிருப்பவர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப் தானாக அட்மின் ஆக்கிவிடும். அது நேற்றுச் சேர்ந்த ஒருவராகவும் இருக்கலாம். எனவே இரண்டு பேரை இப்போதே அட்மின் ஆக்குங்கள். யார் எந்த நேரத்தில் வேலையில் இருப்பார், யாரிடம் கடிந்து பேசினால் சுருங்கிப்போவார், யார் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார் என்பன போன்று ஷீட்டில் இல்லாத செய்திகள் உங்களிடம் நிறைய இருக்கும். உங்களுக்குப் பின் வருபவரை அழைத்து அரைமணி நேரம் அவற்றை வாயால் சொல்லுங்கள். எழுதி அனுப்பாதீர்கள், அது ஸ்கிரீன்ஷாட்டாகி உரியவரிடமே போய்ச் சேரும்.

சொல்லவேண்டிய வரிசை இது: முதலில் லீடர், இரண்டாவதாக அந்தத் தம்பி, பிறகு உங்கள் பொறுப்பை ஏற்கப்போகிறவர், அதன் பிறகே குழு. பொதுவில் படித்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தால் லீடருக்கு அவமானமாக இருக்கும். அவமானப்பட்டவர்தான் ‘துரோகி’ என்ற சொல்லைத் தேடிப்போவார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெயிலில் பகல் முழுவதும் நின்றுவிட்டு, ஓர் அறையில் பல பேரோடு படுக்கும் ஒருவருக்கு, இரவு ஒன்பது மணிக்குத் தமிழில் நாற்பது பேர் ‘அண்ணே, வார் போடலாமா’ என்று கேட்கும் இடம் எதுவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர் விலகுகிறவர்களை ஏசுவது தவறுதான். ஆனால் அது ஒவ்வொரு முறையும் தன் வீட்டிலிருந்து ஒருவர் குறைவதாக உணர்கிற ஒருவரின் ஏச்சு. அதைப் புரிந்துகொள்வது உங்களுக்கு அவரிடம் பேசும் தொனியைக் கொடுக்கும். முடிவை மாற்றிக்கொள்வதற்கான காரணமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் பேசிய பிறகும் அவர் குழுவில் ஏசினால், ஒரே ஒரு பதில் எழுதுங்கள்: ‘அண்ணே, உங்களுக்குக் கோபம் வரும்னு தெரியும். எனக்கு உங்க மேல மரியாதை குறையல.’ அதற்கு மேல் எது வந்தாலும் குழுவில் பதில் வேண்டாம். உங்கள் பக்கத்து நியாயத்தை நாற்பது பேர் முன் நிறுவவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. மற்றவர்கள் உங்களுக்காக வாதாட வந்தாலும் நன்றி சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் போனபின் அங்கே இரண்டு கட்சி இருக்கக் கூடாது. ‘நாங்களும் வந்துடுறோம், தனி கிளான் ஆரம்பிப்போம்’ என்று யாராவது தனிச்செய்தி அனுப்பினால், அன்பாகவும் உடனடியாகவும் மறுத்துவிடுங்கள்.

தம்பியின் நிலை வேறு. நீங்கள் போவது தன்மேல் உள்ள வருத்தத்தாலோ என்று பதினேழு வயதில் எளிதில் தோன்றும். அவனை அழைத்துப் பேசுங்கள், செய்தி போதாது. ‘எப்ப வேணும்னாலும் கூப்பிடு’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தொந்தரவோ என்று தயங்கியே விட்டுவிடுவார்கள். ‘ரிசல்ட் வர்ற அன்னிக்கு எனக்குத்தான் முதல்ல சொல்லணும்’ என்று ஒரு நாளையும் ஒரு காரியத்தையும் குறித்துச் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் அழைக்காவிட்டால் நீங்கள் அழையுங்கள்.

குழுவுக்கான செய்தியை நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்; உங்கள் வாய்மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

‘எல்லாருக்கும் வணக்கம். 2021-ல அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப நீங்க அனுப்புன பணத்துக்கு நான் இன்னிக்கு வரைக்கும் ஒழுங்கா நன்றி சொல்லல. இப்ப சொல்றேன். இந்த போட்டோ உங்களுக்காகத்தான். பாப்பா பொறந்ததுக்கு அப்புறம் ராத்திரி நேரத்த வீட்டுக்குக் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அதனால கிளான்ல இருந்தும் இந்த குரூப்ல இருந்தும் புதன்கிழமை விலகுறேன். போன தடவ மாதிரி கோபத்துல போகல, திரும்பி வர்றதாவும் இல்ல. ஷீட்டும் அட்மினும் மாத்திக் குடுத்தாச்சு. அண்ணன்கிட்ட பேசிட்டேன். ஏழு வருஷமும் நல்லா இருந்துச்சு.’

இதில் ‘மன்னிச்சிடுங்க’ ஒன்றுகூட இல்லை. நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. ‘திரும்பி வர்றதாவும் இல்ல’ என்ற சொற்களை எழுதும்போது கை தயங்கும். அவற்றை மட்டும் நீக்கிவிடாதீர்கள். முன்பு ஒருமுறை போய்த் திரும்பியவர் என்பதால்தான் அவை உங்களுக்குத் தேவைப்படுகின்றன.

செய்தியைத் திங்கட்கிழமை மாலை அனுப்பிவிட்டு, புதன் வரை குழுவில் இருங்கள். அனுப்பிய அடுத்த நொடி வெளியேறினால், மற்றவர்கள் சொல்ல வருவதைக் கேட்க மறுத்ததுபோல் ஆகிவிடும். 2022-லிருந்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினால் அந்தச் செய்தி அட்மின்களுக்கு மட்டுமே காட்டப்படுகிறது. ஆனால் கிளான் அரட்டையில் நீங்கள் வெளியேறியது எல்லோருக்கும் தெரியும்படி ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்க்கும்போது யாரும் திடுக்கிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இரண்டு நாள். திரும்ப அழைத்து கிளான் அழைப்பு வந்தால், ஏற்கவேண்டாம். அழைத்தவருக்குத் தனியாக நலம் விசாரித்து ஒரு வரி எழுதினால் போதும்.

முதல் சில வாரங்கள் இரவு பதினொரு மணிக்குக் கை தானாகப் போனைத் தேடும். இது இயல்பு, ஏழு ஆண்டுப் பழக்கம். விளையாட்டை ஒரு மாதத்துக்குப் போனிலிருந்து நீக்கிவைப்பது உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றை வரையறுத்திருக்கிறது: கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாகிவிடுதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும், பொதுவாகப் பன்னிரண்டு மாத அளவுக்கு நீடிப்பது. கவனித்து, வருந்தி, தானே முடிவெடுத்த உங்களிடம் நான் அதைக் காணவில்லை. ஆனால் கிளானை விட்ட பிறகு அதே இரவுகள் வேறொரு விளையாட்டுக்குப் போய்விட்டால், தயங்காமல் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

லீடரிடம் எப்போது பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். வார் முடிந்த இரவில் வேண்டாம். டியூட்டி முடிந்து வந்தவுடனும் வேண்டாம். கத்தாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று நண்பகல் சாப்பாட்டுக்குப் பின், அங்கே இரண்டரை மணியென்றால் இங்கே ஐந்து, அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு பேசுங்கள். முதலில் அவர் வீட்டாரை விசாரியுங்கள். பிறகு, கிளானை அவர் தொடங்கிய நாளிலிருந்து உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு நல்ல வாரைப் பற்றிச் சொல்லுங்கள். அதன் பின் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
உங்கள் மனநல ஆலோசகர்